ஒரே முகத்துக்கு இரண்டு பேனர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றுவிட்டதால் பஸ்ஸும் நின்றது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் ஒரே மனிதரின் முகம். போட்டோ இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்த முகம். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இந்தப் பக்கத்துப் பேனரில் ‘இயற்கை எய்தினார்’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ‘மின்சாரம் தாக்கி இறந்தார்’.

ஒரு மனிதர் இரண்டு விதமாகச் செத்திருக்க முடியாது. நான் இறங்கிவிட்டேன்.

முகத்தை வரைந்தது இறந்தவரின் தெருவிலேயே இருக்கும் செம்மொழி என்ற பெண். இருபத்து மூன்று வயது. நான் கதை எழுதுகிறவள் என்று சொன்னதும் அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். “எழுதுங்கக்கா. ஆனா கதையில என்னைய அழ வெக்காதீங்க. நான் அழுவல. எனக்குக் கோவம் வந்துச்சு. கோவத்த எழுத முடிஞ்சா எழுதுங்க.”

முயற்சி செய்கிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். மனிதர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். கோபத்தில் கை வைக்கவில்லை.

2

தொடங்கிப் பார்த்து விட்டுவிட்ட வரிகளையும் இங்கேயே வைக்கிறேன்.

‘காவிரித் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்து ஓடிய ஒரு காலைப் பொழுதில்—’

[ஓடவில்லை. அன்றைக்கு அந்த வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் பேனரில் இருந்த வைரக்கண்ணு மோட்டார் போடப் போயிருக்க மாட்டார். டெல்டா என்றதும் கை தானாகச் சலசலப்பை எழுதிவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது.]

‘செம்மொழியின் கண்கள் குளமாக—’

[நிபந்தனை.]

‘வெக்டர் என்றால் என்னவென்றால், வாசகரே—’

[இது கட்டுரை. ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது. நாலே வரி: போட்டோ என்பது சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. பெரிதாக்கினால் சதுரங்கள் தெரியும், முகம் சிதறிவிடும். வெக்டர் படம் புள்ளிகளாலும் அவற்றுக்கு நடுவே ஓடும் கோடுகளாலும் ஆனது. தபால்தலை அளவிலும் தேர் அளவிலும் ஒரே மாதிரி நிற்கும். யாராவது உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வைத்து வரைய வேண்டும், அவ்வளவுதான்.]

சரி, கடையிலிருந்து தொடங்குகிறேன்.

3

கடை திருத்துறைப்பூண்டியில். முதலாளி ஜெக்கரியா. பேனர், கல்யாணப் பத்திரிகை, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் உண்டு. அங்கிருந்த டிசைனர் சென்னைக்குப் போய்விட்டதால், தட்டச்சு தெரிந்த செம்மொழியைச் சேர்த்துக்கொண்டார். “பழைய ஃபைல்ல பேர மாத்துனா போதும்மா, மத்தது போகப் போக வந்துரும்” என்றார்.

அவளுக்குப் பெயர் மாற்றுவது அலுத்துவிட்டது. கூட்டமில்லாத நேரத்தில் போனில் வீடியோ பார்த்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு வெக்டர் மென்பொருளைக் கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பழகினாள். பேனா போல ஒரு கருவி இருந்தது. ஒரு இடத்தில் சொடுக்கினால் புள்ளி. இன்னொரு இடத்தில் சொடுக்கிப் பிடித்து இழுத்தால் புள்ளிக்கு இரண்டு பக்கமும் மீசை போலக் கைப்பிடி முளைத்து, கோடு வளையும். முதலில் ஒரு மாங்காய் வரைந்தாள். அது உருளைக்கிழங்காக வந்தது. பிறகு குத்துவிளக்கு. பிறகு அவளே சிரித்துக்கொண்ட ஒரு மாடு. தமிழ் எழுத்தைப் போட்டால் எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் நிற்கும், அதையும் சரிக்கட்டக் கற்றுக்கொண்டாள். அந்த நாட்கள் சந்தோஷமாக இருந்தன என்று சொன்னாள். ஒரு கோடு தான் நினைத்த இடத்தில் வளைவதைப் போல ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லையாம்.

(அந்தக் கம்ப்யூட்டரில் ‘அஞ்சலி’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. நான் பார்த்தேன். லாரி மோதியவர், பாம்பு கடித்தவர், பிரசவத்தில் போனவர், எல்லோரும் அதில் இயற்கை எய்தியிருந்தார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவார்கள்.)

ஒரு மதியம் துரைக்கண்ணு கடைக்கு வந்தார். சென்னையில் இருக்கும் அச்சுதன் என்பவரின் நிலத்தை இங்கே பார்த்துக்கொள்ளும் காரியஸ்தர். போனை நீட்டினார்.

“ஒரு அஞ்சலி பேனர் போடணும். பெருசா. நாளைக்குக் காலையில எடுக்குறாங்க, அதுக்கு முந்தி கட்டணும்.”

செம்மொழி போனை வாங்கிப் பார்த்தாள். ஏதோ திருவிழாவில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டிய ஒரு முகம், விரல்நகம் அளவு. அவள் தெரு வைரக்கண்ணு மாமா, அச்சுதன் நிலத்தில் வேலை பார்ப்பவர். நேற்று மாலை இவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எதிரே சைக்கிளில் போனவர்.

“என்னங்க ஆச்சு?”

“நெஞ்சுவலி. வயல்லயே போயிட்டாரு, பாவம்.”

அவள் போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. எடுத்தாள். அம்மாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள்.

4

ஜெக்கரியா மனிதத்தன்மை உள்ளவர். “போயி முகத்தப் பாத்துட்டு வாம்மா. வந்து முடிச்சுக் குடு” என்று அனுப்பினார்.

இறந்தவர் வீட்டுக் காட்சியை நான் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். ஒப்பாரி, பறை, தென்னை ஓலை என்று இரண்டுமே அழகாக வந்துவிட்டன. செம்மொழி சொன்னதை மட்டும் வைக்கிறேன்.

வைரக்கண்ணுவின் மனைவி அம்சவல்லி உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செம்மொழி போய் உட்கார்ந்ததும், போர்த்தியிருந்த வேட்டியை விலக்கி அவருடைய வலது கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கையில் கோடு போட்டதுபோலக் கருகல். விரல் இடுக்கில் தோல் வெந்திருந்தது.

“நெஞ்சுவலியாம்” என்றார் அம்சவல்லி.

“அத்தே, இது கரண்டு.”

“எனக்குத் தெரியாதா? மோட்டார் கொட்டாயில ஸ்டார்ட்டர் பொட்டிக்கு வர்ற ஒயரு பிஞ்சு கெடக்குன்னு அறுவடைலேருந்து துரைக்கண்ணுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, அவரே சைக்கிள் டியூப வெட்டிச் சுத்தி வெச்சாரு. காலையில கொட்டாய்க்குள்ள அது அவுந்து கெடந்துச்சு. நான் பாத்தேன். நான் போறதுக்குள்ள துரைக்கண்ணு ஆளுங்க தூக்கி வண்டியில போட்டுட்டாங்க.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“நெஞ்சுவலிக்கு எதுக்குப் போலீசுன்னாங்க. நான் சொன்னா எவன் காதுல விழுது.” கையை மறுபடி வேட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டார். “பேனரு உங்க கடையிலதானே அடிக்கிறாங்க?”

“ஆமாத்தே.”

“அவரு மொகத்தப் பெருசா போடு. எப்படிச் செத்தாருன்னும் போடு. நான் வாயால சொன்னாத்தானே காதுல விழாது. எழுதிக் கட்டிட்டா கண்ணுல படும்ல.”

5

திரும்பக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த நகமளவு படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். கண் இருந்த இடத்தில் சாம்பல் கட்டங்கள், வாய் இருந்த இடத்தில் பழுப்புக் கட்டங்கள். மென்பொருளில் படத்தைத் தானே வெக்டராக மாற்றும் ஒரு வசதி இருந்தது. அழுத்திப் பார்த்தாள். முகம் சேற்றுக் குட்டைகளாகப் பிரிந்து நின்றது.

பேனாக் கருவியை எடுத்தாள்.

புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோரும் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். பயத்தில் புள்ளிக்கு மேல் புள்ளியாக வைத்தாள். தாடை ரம்பம் மாதிரி வந்தது. எல்லாவற்றையும் அழித்து, காதுக்குக் கீழே ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி என்று வைத்து, நடுவில் இருந்ததைக் கைப்பிடியால் இழுத்து வளைத்தாள். தாடை வந்துவிட்டது. அதன்மேல் மீசை. நெற்றி. இடது புருவம் மட்டும் ஏறி நின்றது. இறக்கினாள், சரியாகத்தான் இருந்தது, ஆனால் மாமா மாதிரி இல்லை. மறுபடி ஏற்றினாள். அவர் ஏதாவது கேட்கும்போது அந்தப் புருவம் அப்படித்தான் ஏறும்.

[இங்கே நான் ‘அவள் விரல்கள் நடுங்கின’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்துவிட்டு செம்மொழி குரல் பதிவு அனுப்பினாள்: “நடுங்குனா கோடு எப்படிக்கா நேரா வரும்? கை நடுங்கல. பல்லத்தான் கடிச்சுக்கிட்டு இருந்தேன், சாயந்தரம் தாடையெல்லாம் வலி.”]

வழக்கமான சொல்லை எடுத்துவிட்டு ‘மின்சாரம் தாக்கி இறந்தார்’ என்று அடித்தாள். துரைக்கண்ணு யாரோ சொன்னதைக் கேட்டு நெஞ்சுவலி என்றிருப்பார், கையைப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் அப்போது நினைத்தாளாம். மேலே வழக்கப்படி அச்சுதனின் போட்டோவையும் வைத்து, மாதிரியைத் துரைக்கண்ணுவின் போனுக்கு அனுப்பினாள்.

அடுத்த நிமிடமே கடை போன் அடித்தது. ஜெக்கரியா எடுத்தார், இரண்டு வார்த்தை கேட்டார், முகம் மாறி, இவளிடம் கொடுத்தார். பேசியது துரைக்கண்ணு இல்லை. சென்னையிலிருந்து அச்சுதன்.

“படம் ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கம்மா. அச்சு அசல் அவரேதான். எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி அவர். என் போட்டோ மேல இருக்கே, அது வேண்டாம், எடுத்துடு. அவர் முகம் மட்டும் இருக்கட்டும். வாசகத்தை மட்டும் வழக்கப்படி மாத்திடு.”

“சார், அவரு கையில காயம் இருக்கு சார். கருகியிருக்கு.”



“அதையெல்லாம் நீ பார்க்க வேண்டாம்மா. நீ டிசைனை மட்டும் பாரு.”

குரல் கடைசிவரை உயரவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் செம்மொழி. தன் போட்டோவையே எடுத்துவிடச் சொல்லும் அளவுக்கு நல்லவராக இருந்துகொண்டு ஒரு மனிதன் செத்த விதத்தை மாற்றச் சொன்னதில்தான் அவளுக்கு உடம்பு எரிந்தது.

6

“நான் மாத்த மாட்டேண்ணே” என்றாள் ஜெக்கரியாவிடம்.

“பேசாம மாத்தும்மா. வருசம் பூரா அவங்க ஆர்டர்தான் நமக்கு. நம்ம வேலை அடிச்சுக் குடுக்குறது. நிஜமா பொய்யான்னு பாக்குறது நம்ம வேலை இல்ல.”

“அப்ப நான் வரைஞ்ச மொகத்த எடுத்துருங்க. அந்தச் சொல்லுக்கு மேல அது இருக்கக் கூடாது.”

“கடை சிஸ்டத்துல வரைஞ்சது கடையோடது.”

அவரே உட்கார்ந்து வாசகத்தை மாற்றினார். அது அவருக்குத் தெரிந்த வேலை. அந்த முகத்துக்குக் கீழே ‘இயற்கை எய்தினார்’ வந்து உட்கார்ந்தது. இயந்திரம் அதை அடித்துத் தள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு, தான் அடித்த வாசகத்தோடு இருந்த ஃபைலைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். ஜெக்கரியா பார்த்தார். தடுக்கவில்லை.

“நாளைலேருந்து வர வேணாம்மா” என்றார். அவள் அதற்கு முன்பே செருப்பை மாட்டியிருந்தாள்.

(ஜெக்கரியாவைக் கோழையாக எழுதுவதா, வேறு வழியில்லாதவராக எழுதுவதா என்று ஒரு வாரம் குழம்பினேன். இப்போது தோன்றுகிறது: நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜெக்கரியாதான். அதனால்தான் அவரை மன்னிக்க இவ்வளவு வழி தேடுகிறேன்.)

மன்னார்குடியில் ஹஸ்ஸான் என்பவரிடம் பேனர் அடிக்கும் இயந்திரம் இருந்தது. பொழுது சாயும்போது அங்கே போய்ச் சேர்ந்தாள். அவர் திரையில் வாசகத்தைப் படித்தார், அவளைப் பார்த்தார்.

“குடும்பத்துல கேட்டுட்டீங்களா?”

“அவரு சம்சாரம் சொல்லித்தான் வந்தேன்.”

“கீழ அச்சகம் பேரு போடணுமே.”

“உங்க பேரு வேணாம்னா விட்டுருங்க.”

“போடுங்க” என்றார். “பேரில்லாம அடிச்சா மொட்டைக் கடுதாசி மாதிரி ஆயிடும்.”

7

காலையில் இரண்டு பேனரும் தெருமுனையில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றன. சாவுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படித்தார்கள். ரோட்டின் நடுவில் நின்று இரண்டு முகத்தையும் ஒப்பிட்டார்கள். யாரோ போனில் எடுத்து அனுப்ப, பாடை கட்டி முடிக்கும் முன் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. உடலைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள்.

செம்மொழி எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. வைரக்கண்ணுவின் அண்ணன் தம்பிகள் அவள்மீது பாய்ந்தார்கள். “முழுசா அனுப்ப வேண்டிய மனுசன வெட்டிக் கொண்டாரப் போறாங்க. எல்லாம் உன்னாலதான்.” அவள் அம்மாவே வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அம்சவல்லி உடலை ஏற்றிய வண்டியின் பின்கதவைப் பிடித்தபடி நின்றார். பேனரில் எழுதச் சொன்னபோது, உடலை அறுப்பார்கள் என்று அவர் யோசித்திருக்கவில்லை. செம்மொழியை ஒருமுறை பார்த்தார், அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இவளால் சொல்ல முடியவில்லை. பிறகு கதவை விட்டார்.

“கொண்டு போங்க” என்றார்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கியது அதற்கு அடுத்த நாள். இரண்டு பேனரும் அப்போது இருந்தன. அன்று மாலையே ஒன்றை யாரோ பிளேடால் கிழித்தார்கள். எதை என்று சொல்லத் தேவையில்லை.

8

துரைக்கண்ணுவைப் பற்றி. முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசையும் தங்கச் செயினும் கொடுத்திருந்தேன். செம்மொழி படித்துவிட்டுச் சிரித்தாள். “மீசையே கெடையாதுக்கா அவருக்கு. மாமாவும் அவரும் ஒண்ணாப் படிச்சவங்க. பொணம் திரும்பி வந்தப்ப அவரு அழுதாரு. நெசமாவே அழுதாரு. அதையும் எழுதுங்க. அழுதுக்கிட்டேதான் பொய் சொன்னாரு.”

எழுதிவிட்டேன். அதை எழுதியதும் என் கோபம் குறையும் என்று எதிர்பார்த்தேன். ஏறிவிட்டது.

பரிசோதனை அறிக்கை வந்தது. மின்சாரம்தான். உடனே நெஞ்சுவலிக் கதை காணாமல் போய், அதன் இடத்தில் வேறொன்று வந்தது. வரப்பில் எலிக்கு வைரக்கண்ணு அவராகவே திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பி கட்டினார், அதில் அவரே மாட்டிக்கொண்டார் என்று துரைக்கண்ணு எழுதிக் கொடுத்தார். கொட்டகையில் இப்போது புது ஒயர், புது ஸ்டார்ட்டர் பெட்டி. சைக்கிள் டியூப் இல்லை. முதலில் அவர் செத்த விதத்தை மறைத்துப் பார்த்தார்கள். அது முடியாமல் போனதும் பழியை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அம்சவல்லியின் வீடு நிற்கும் மனை அச்சுதன் குடும்பத்துப் பட்டாவில் இருக்கிறது. தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகக் குடியிருக்கச் சொன்ன இடம். துரைக்கண்ணு வந்து வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். “விசாரணையில எலிக்கம்பின்னு ஒரு வார்த்த சொல்லிரு தங்கச்சி. மனைய உன் பேருக்குப் பட்டா மாத்திக் குடுக்குறேன்னு அய்யா சொல்லிட்டாரு. இல்லேன்னா இடத்தக் காலி பண்ணச் சொல்லுவாரு, நான் என்ன பண்றது சொல்லு.”

செம்மொழி அங்கேதான் இருந்தாள். அவர் போனதும் உண்மையையே சொல்லுங்கள் என்று அம்சவல்லியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். வேலை போனால் இவளுக்கு இன்னொரு கடை. வீடு போனால் அத்தை எங்கே போவார்?

9

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதலாவது: அம்சவல்லி விசாரணையில் உண்மையைச் சொல்கிறார். அதிகாரி எழுந்து நின்று—

[எந்த அதிகாரி எழுந்து நிற்கிறார்? கோடு போட்டு அடித்தாயிற்று.]

இரண்டாவது: அம்சவல்லி எலிக்கம்பி என்று சொல்லிவிடுகிறார். பட்டா வருகிறது. செம்மொழி அவரைப் பார்க்காமல் போகிறாள். இதை நான் நன்றாகவே எழுதியிருந்தேன். செம்மொழிக்கு அனுப்பினேன். பதில் வர இரண்டு நாள் ஆனது.

“அத்தை அப்படிச் சொன்னா நான் மூஞ்ச திருப்பிக்கிட்டுப் போவேன்னு யாரு சொன்னது உங்களுக்கு? சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அவங்க வீடு. எனக்கு அவங்க மேல என்ன கோவம்? கோவத்த எடம் மாத்தாதீங்கக்கா.”

அந்த ஒரு வரிக்காக நான் எழுதிய எட்டுப் பக்கத்தை அழித்தேன். ஏழை ஏழையைக் கோபித்துக்கொள்ளும் முடிவு எழுத எவ்வளவு வசதியாக இருந்தது என்று பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது: அச்சுதன் மனம் மாறுகிறார்.

[மன்னிக்கவும்.]

10

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை, தாலுகா அலுவலகத்தில். செம்மொழியும் கூடப் போனாள். வெளி வராந்தாவில் துரைக்கண்ணு முன்னதாகவே வந்து நின்றார். அம்சவல்லியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

அம்சவல்லியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. செம்மொழிக்கு அவருடைய முதுகு தெரிந்தது. அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, “உட்காருங்கம்மா” என்றார். அவர் உட்காரவில்லை.

“உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தார்னு சொல்லுங்க.”

அம்சவல்லி பேசினார். என்ன சொன்னார் என்று செம்மொழி என்னிடம் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் நான் சொல்லப் போவதில்லை.

ஏனென்றால் நான் எதை எழுதினாலும் அச்சுதனுக்கு வசதிதான். உண்மையைச் சொன்னார் என்று எழுதினால், நியாயம் கிடைத்துவிட்டது என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். பொய் சொன்னார் என்று எழுதினால், அவளே ஒத்துக்கொண்டாளே என்று மூடிவிடுவீர்கள். எழுத்து நிற்கிற இடத்தில் வழக்கு நின்றுவிடாது. அது இன்னும் நடக்கிறது, தள்ளித் தள்ளிப் போகிறது. வாயைத் திறந்தால் வீடு போகும் என்று நிற்கிற ஒருவர்தான் உண்மைக்குச் சாட்சியாக வேண்டும் என்பது என்ன நியாயம்? அந்தச் சுமையை இந்தக் கதைக்குள்ளும் அவர் தலையில் ஏற்ற எனக்கு மனசில்லை.

அதிகாரி கேட்ட கேள்வியை உங்கள் பக்கம் திருப்பிவைக்கிறேன். வைரக்கண்ணு எப்படி இறந்தார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். உங்கள் மனைக்கு யாரிடமும் பட்டா கேட்டு நிற்கவில்லை நீங்கள்.

சொல்லுங்கள்.